கொல்சிசின் போத்தலும் மூன்று திறப்புகளும்

யூன் 11, செவ்வாய்

கச்சான் காற்று. யன்னலைத் திறந்தால் மணல், மூடினால் வேக்காடு. மேசையை இரண்டு தரம் துடைத்தும் விரல் வைத்தால் நறநறவென்கிறது.

எட்டு நாள் அடைவைத்த முட்டை பன்னிரண்டு. நாலு கூழ். மிச்சம் எட்டிலும் கரு நல்லது. உதவியாளர் சாமித்தம்பி அண்ணன் சேவலைப் பிடித்துக்கொள்ள, சிறகடியில் இரத்தம் எடுத்தேன். என்னைக் கண்டாலே சேவலுக்கு ஆகாது. அவர் மடியில் மட்டும் அமைதியாகக் கிடக்கும்.

குஞ்சின் முதுகெலும்போரத்து நரம்புக் கணுக்களை ஊசியால் பிரித்து, இரத்தத் தெளிவில் துளித்துளியாய்த் தொங்கவிட்டு, அடைகாப்புப் பெட்டிக்குள். பத்துத் தட்டு. ஐந்து வெறும். ஐந்தில் நாளை கொல்சிசின் விடுவேன்.

இந்தக் கொப்பியில் இனி எங்கள் பல்கலைக்கழகப் பகுதித் தலைவரைத் 'தலைவர்' என்று மட்டும் எழுதுவது. போன மாதச் சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் பக்கத்து அறை ரீச்சரின் நாட்குறிப்பை எடுத்துப் போய், அதில் இருந்த ஒவ்வொரு பெயரும் யார் யார் என்று கேட்டார்களாம். சாமித்தம்பி என்ற பெயரில் வாவிக்கு அங்கால படுவான்கரையில் ஊருக்கு நாலு பேர். அதை எழுதலாம்.

யூன் 12, புதன்

வெறும் தட்டுகள் அருமை. கணுவைச் சுற்றி இழைகள், சூரியனுக்குக் கதிர் வரைந்தது போல. ஒவ்வொரு இழையின் நுனியிலும் விரித்த கை. அதன் விரல்கள் நீள்வதும் தடவுவதும் மடங்குவதும். அரை மணி நேரம் ஒரே நுனியைப் பார்த்துக்கொண்டிருந்து கழுத்துப் பிடித்துக்கொண்டது.

முதலாம் வருட மாணவருக்கு நாளை சொல்ல வேண்டியது:
– நரம்புக் கலத்திலிருந்து நீளும் நெடும் இழைதான் அக்சன். சும்மா நீளாது. உள்ளே ஒரு வன்கூடு இருக்கிறது.
– நுனியில் அக்ரின் என்ற புரத இழைகள். வழி தேடுவது அவை.
– பின்னால் நுண்குழாய்கள். எட்டிப்பிடித்த இடத்தை நிலைப்படுத்துவது அவை. ஒவ்வொரு குழாயும் துண்டு துண்டாகச் சேர்ந்து நீளும், திடீரென்று உதிரும், மறுபடி நீளும்.
– எலும்பு போல நிற்கிற கூடு இல்லை. ஓயாமல் கட்டியும் கலைத்தும்.

என் நுணுக்குக்காட்டியில் குழாய் தெரியாது. அது இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதுதான் தெரியும். அதற்குத்தான் கொல்சிசின். கார்த்திகைக் கிழங்கில் இருக்கும் அதே நஞ்சு. குழாய்கள் சேரவிடாமல் தடுக்கும். இன்று பத்தரைக்கு விட்டேன். பன்னிரண்டுக்கு நுனிகள் நின்றன. இரண்டு மணிக்கு இழைகள் முடிச்சு முடிச்சாகிக் கணுவை நோக்கிச் சுருங்கின. ஐந்து தட்டிலும்.

வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த அளவு எது? என் ஆய்வே அந்த ஒரு கேள்விதான். கிட்ட வந்துவிட்டேன்.

யூன் 14, வெள்ளி

இன்று கொல்சிசின் விட்ட புதுத் தட்டுகளில் இழைகள் நிற்கவில்லை. மெதுவாக, ஆனால் நீள்கின்றன.

அதே அளவு. அதே போத்தல். என் கைப்பிழையா? வெளிச்சம் பட்டால் கொல்சிசின் கெடும். ஆனால் கபிலநிறப் போத்தல், பிறிட்ஜின் உள்மூலை.

திங்கள் மறுபடி செய்து பார்ப்பது.

யூன் 17, திங்கள்

மறுபடி செய்தேன். ஒவ்வொரு துளியையும் எண்ணி விட்டேன். இன்று நிற்கிற பேச்சே இல்லை. கொல்சிசின் தட்டு எது, வெறும் தட்டு எது என்று தெரியாத அளவுக்கு வளர்ச்சி.

போத்தலை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறை பாவித்த பின்னும் நீர்மட்டத்தில் பேனையால் கோடு போடுவது என் பழக்கம். மட்டம் சரியாகக் கோட்டில். குறையவில்லை. ஆனால் மூடி. நான் இறுக்கி மூடுகிறவள். இன்று ஒரு சுற்றுத் தளர்வு.

யாரோ எடுக்கிறார்கள். எடுத்த அளவுக்குத் தண்ணீர் விட்டு நிரப்புகிறார்கள்.

இதை எழுதும்போதே விசர்க்கதை போலத்தான் இருக்கிறது. யார், எதற்கு?

யூன் 18, செவ்வாய்

ஆய்வுகூடப் பூட்டுக்குத் திறப்பு மூன்று. என்னிடம் ஒன்று. தலைவரிடம் ஒன்று. காலையில் திறந்து கூட்டுவதற்காகச் சாமித்தம்பி அண்ணனிடம் ஒன்று.

நான் எடுக்கவில்லை. தலைவர் ஆய்வுகூடப் பக்கம் வருவதே குறைவு. கால் சுளுக்கு என்று ஒரு கிழமையாக இறப்பர் செருப்போடு நொண்டுகிறார். தன் அறையிலிருந்து ஆபீசுக்குப் போவதற்கே பத்து நிமிடம்.

அப்போ?

சாமித்தம்பி அண்ணன் பதினொரு வருடமாக இங்கே உதவியாளர். வாவிக்கு அங்கால வீடு. தினமும் தோணியில் வந்து போகிறார். அங்கால இயக்கத்தின் பக்கம் என்பதால் மருந்து, பற்றரி, சவர்க்காரம் ஒன்றும் கொண்டுபோக ஆமி விடாது. துறைக் காவலரணில், சென்றியில், தடவிப் பார்ப்பார்கள். இவருக்கு வளாகத்து அட்டை இருப்பதால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

நான் யோசிப்பது எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் யோசனை வந்தபிறகு அவர் செய்யும் எல்லாமே வேறு மாதிரித் தெரிகிறது. இன்று நான் உள்ளே போனதும் பிறிட்ஜ் பக்கத்தில் நின்றவர் விலகினார். துடைத்துக்கொண்டிருந்தாராம்.

யூன் 19, புதன்

கண்டேன். பின்னேரம் நாலு மணி. வேலை முடிந்து போகும்போது சட்டைப்பைக்குள் ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தல், லேஞ்சிக் கைத்துணியில் சுற்றி.

"என்னண்ணே அது?"

"சும்மா மிஸ்."

"சும்மா எண்டா?"

"ஒண்டுமில்ல மிஸ். தோணி போயிடும். வாறன்."

என் முகத்தைப் பார்க்கவில்லை. பதினொரு வருடத்தில் இவர் அவசரமாக நடந்து நான் பார்த்ததில்லை.

எவ்வளவு சிறிது போதும் ஓர் ஆளைக் கொல்ல. அவருக்கு வீட்டில் என்ன பிரச்சினையோ. அல்லது யாரும் கேட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கிறாரா? அங்கால கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாதுதானே.

யூன் 20, வியாழன்

தலைவரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். போத்தல், தளர்ந்த மூடி, தட்டுகள், நேற்றுக் கண்டது. எல்லாம்.

அவர் மேசைக்குக் கீழே காலை நகர்த்தி முகம் சுளித்தார்.

"சாமித்தம்பிதான் எண்டு உங்களுக்கு நிச்சயமா மிஸ் ஜெசிந்தா?"

"வேற ஆர் சேர்? திறப்பு மூண்டுதானே."

"ஓம்… மூண்டுதான்." பிறகு, "எழுத்தில ஒண்டும் போடாதீங்க. நஞ்சு காணாமப் போனது எண்டு எழுதினா நாளைக்கு ஆமி வந்து முழுக் கட்டடத்தையும் கிளறுவான். நான் பாக்கிறன்."

வெளியே வந்தபோது நெஞ்சு பாரம் குறைந்தது போல இருந்தது. பஸ்ஸுக்கு நிற்கும்போது மறுபடி ஏறிக்கொண்டது.

யூன் 21, வெள்ளி

காலையில் தலைவர் அவரைக் கூப்பிட்டார். பத்து நிமிடம். வெளியே வந்த சாமித்தம்பி அண்ணனிடம் திறப்பும் இல்லை, வளாகத்து அட்டையும் இல்லை. "விசாரிச்சு முடியும் வரைக்கும் வர வேணாமாம்."

என்ன விசாரணை என்று அவர் கேட்கவில்லையாம். என்னிடமும் கேட்கவில்லை. கூட்டுமாறை மூலையில் சாத்திவிட்டு, "சேவலுக்குத் தண்ணி வைக்க மறந்திராதீங்க மிஸ்" என்றார். போய்விட்டார்.

என்னைத்தான் சந்தேகிக்கிறாரா, நான் சொன்னேன் என்று? தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரியாமல் இருந்தால் நல்லது.

யூன் 24, திங்கள்

பழைய போத்தலை ஊற்றிவிட்டேன். தூளிலிருந்து புதிதாகக் கரைத்தேன். தட்டுகளில் விட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் அத்தனை நுனியும் நின்றன. மூன்று மணிக்குச் சுருங்கின. முதல் நாள் போலவே.

ஆக, அவர்தான்.

சந்தோசப்பட வேண்டும். கணக்கு சரியாக வந்திருக்கிறது. பின்னேரம் தனியாக மேசை துடைத்தேன். சேவல் கூண்டுக்குக் கை நீட்ட, கொத்திவிட்டது. இரத்தம்.

யூன் 25, செவ்வாய்

செங்கலடி பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு பேர்.

"வளாகத்தில ஒருத்தன் அங்காலைக்கு மருந்து கடத்தினவனாம்."

"ஆராம்?"

"லாப்பில வேல செய்யிறவனாம். நஞ்சாம் கா, மருந்து இல்லையாம்."

நான் ஒரே ஓர் ஆளிடம், கதவைச் சாத்திக்கொண்டு சொன்னது. ஐந்து நாளில் பஸ்ஸுக்கு வந்துவிட்டது. தலைவர் ஆரிடம் சொன்னார்? கதவுக்கு வெளியே ஆர் நின்றது? பஸ்ஸில் வேறு ஆரார் கேட்டார்கள்? இறங்கும்போது திரும்பி எல்லா முகத்தையும் பார்த்தேன். எல்லாரும் கேட்டது போலவும் ஒருவரும் கேட்காதது போலவும் இருந்தார்கள்.

யூன் 27, வியாழன்



புதுப் போத்தலும் பலம் குறைந்துவிட்டது. திங்களன்று ஒன்றரை மணியில் நின்ற இழைகள் இன்று நாலு மணி நேரம் கழித்தும் ஊர்கின்றன. பக்கத்தில் சாட்சிக்கு வைத்திருந்த தூளிலிருந்து அப்போதே ஒரு துளி கரைத்து வேறு தட்டில் விட்டேன். அது நின்றது. தூளில் பிழை இல்லை. என் கையில் பிழை இல்லை. போத்தலுக்குள் தண்ணீர்.

மட்டம் கோட்டிலேயே நிற்கிறது.

சாமித்தம்பி அண்ணன் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. திறப்பு இப்போது இரண்டு பேரிடம்தான்.

கொல்சிசின். புத்தகத்தில் வாசித்ததுதான். மூட்டில் உப்புப் படிந்து வீங்கும் வாதத்துக்குக் கொடுக்கிற பழைய மருந்து. கால் பெருவிரலில்தான் முதலில் வரும். இத்தனை நாளும் நஞ்சு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், மருந்து என்று ஒரு தரமாவது நினைக்கவில்லை.

இறப்பர் செருப்பு. சுளுக்கு. இரண்டு கிழமைக்கு மேலாக ஆறாத சுளுக்கு.

இல்லை. இதுவும் என் புத்திக் கோளாறாக இருக்கலாம். போன கிழமையும் இதே நிச்சயத்தோடுதானே போய்ச் சொன்னேன்.

யூன் 28, வெள்ளி

எட்டு மணிக்கே ஆய்வுகூட வாசலில் ஒரு பெண். காலில் கட்டு. வெயில் பட நின்றிருந்தார். சாமித்தம்பி அண்ணனின் மனைவி, பூமணி அக்கா.

"புள்ள, அவரப் புடிச்சிட்டானுகள். செவ்வாக்கிழம. அட்டையக் கேட்டுப் பாப்பம் எண்டுதான் இஞ்சால வந்தவர். துறையில மறிச்சானுகளாம். அட்டை இல்ல. மறுகா ஆள் வரல்ல."

"செவ்வாயா? இண்டைக்கு வெள்ளி!"

"நான் நேத்தும் வந்தனான். கேற்றில உள்ள விடல்ல. இண்டைக்குக் கெஞ்சிக் கேட்டுத்தான் வந்தன்."

உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். பிறகு கேட்டேன், கேட்க வாய் கூசியது. "அக்கா, அண்ணன் வீட்டுக்கு ஒரு சின்னப் போத்தல் கொண்டு வாறவரா?"

பயந்துபோனார். இரண்டு பக்கமும் பார்த்தார். "ஆருக்கிட்டயும் சொல்லிராதீங்க புள்ள. நீங்க வேல முடிச்சு ஊத்துற உப்புத்தண்ணி. என்ட கால் காயத்தக் கழுவ. அங்கால ஆசுப்பத்திரியில ஒண்டுமில்ல. அது மருந்துக் கணக்கு எண்டு சென்றியில புடிப்பான் எண்டுதான் ஒளிச்சுக் கொண்டாறவர்."

குஞ்சுக் கருவைக் கழுவ நான் காய்ச்சும் சேலைன். மிஞ்சியதைத் தினமும் தொட்டியில் ஊற்றுகிறேன். கேட்டிருந்தால் போத்தல் போத்தலாகக் கொடுத்திருப்பேன். கேட்டுப் பார்த்தேனா நான்? கேட்டேன். "என்னண்ணே அது" என்று, சென்றிக்காரன் கேட்கிற மாதிரி.

பத்து மணிக்குத் தலைவர் அறை.

"சேர், புதுப் போத்தலும் தண்ணி ஆயிட்டுது. சாமித்தம்பி அண்ணன் இஞ்ச இல்ல."

மேசையில் கிடந்த கடதாசிகளை அடுக்கினார்.

"திறப்பு ரெண்டு பேரிட்டத்தான் இருக்கு."

மெதுவாகச் செருப்பைக் கழற்றினார். பெருவிரல் மூட்டு கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிப் பளபளத்தது.

"பாமசி ஒண்டிலயும் குளிசை இல்ல மிஸ். ரெண்டு மாசமா இல்ல. கொழும்புக்கு எழுதினன், வந்து சேரல்ல. வேட்டி நுனி பட்டாலும் உயிர் போகுது. ஒரு குளிசையில எவ்வளவு கிடக்குமோ அவ்வளவுதான் எடுத்தன். கணக்குப் பாத்துத்தான்."

"தண்ணி விட்டது?"

"நீங்க கோடு போடுறது எனக்குத் தெரியும்."

"என்னட்டக் கேட்டிருக்கலாமே சேர்."

"உங்களிட்ட எப்படிக் கேக்கிறது? ஆய்வுகூடச் சாமானத் தொட வேணாம் எண்டு எல்லாருக்கும் சொல்லுறவன் நான்."

"அண்ணன்ட அட்டைய ஏன் வாங்கினீங்க?"

நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதானே வந்து அவர்ட பேரச் சொன்னீங்க."



அண்ணனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றேன். அது தலைவருக்குத் தெரியாது. முகம் வெளிறியதைப் பார்த்தேன். அந்த வெளிறலை நம்பலாமா என்றும் யோசித்தேன்.

"கடிதம் தாறன். நீங்க கொண்டு போங்க."

"கடிதம் வேணாம். நீங்க வரணும் சேர். அட்டை கையெழுத்து உங்கட."

"நடக்க ஏலா."

"திறீவீல் ஓட்டோ ஒண்டு பிடிப்பம்."

யூன் 29, சனி

ஆமி முகாம் வாசல். காலை ஒன்பது முதல் இரண்டு வரை. நிழலுக்கு ஒரு தகரம் கூட இல்லை. தலைவர் சப்பாத்துப் போட முயன்று முடியாமல் அதே இறப்பர் செருப்போடு வந்தார். பூமணி அக்கா மண்ணில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு இரக்கம் வந்தது, இரண்டு பேரிலும். ஆனால் தலைவரின் மேல் வந்த இரக்கம் சரிதானா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டேன்.

அதிகாரியோடு தலைவர் சிங்களத்தில் பேசினார். எனக்குப் பாதி கூட விளங்காது. அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். எதைச் சொல்கிறார்? ஆரின் தலையில் போடுகிறார்? 'மகே' என்றால் 'என்னுடைய' என்று தெரியும். அந்தச் சொல்லை இரண்டு தரம் சொன்னார். அதற்கு அடுத்த சொல் 'வறத'. அதைத் திரும்பும் வழியில் மனதுக்குள் சொல்லிச் சொல்லி வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். ஆளைக் காட்டவில்லை.

யூன் 30, ஞாயிறு

பூசைக்குப் போனேன். கும்பிட வரவில்லை. அம்பாறைப் பக்கம் வேலை செய்து சிங்களம் தெரிந்த பக்கத்து அறை ரீச்சரிடம் 'வறத' என்றால் என்ன என்று கேட்டேன். "பிழை, குற்றம். ஏன்?" என்றார். சும்மா என்றேன்.

யூலை 1, திங்கள்

விட்டுவிட்டார்கள். பதினொன்றரை மணி. தலைவர் இரண்டு கடதாசியில் கையெழுத்து வைத்தார். சாமித்தம்பி அண்ணன் தானே நடந்து வந்தார். தாடி வளர்ந்து, ஆள் பாதி. அதே சட்டை.

தலைவர் முன்னால் போய், "சாமித்தம்பி, பிழை என்னில" என்றார். அவர் கேட்காதது போல மனைவியைப் பார்த்து நின்றார். கோபமாக்கும் என்று நினைத்தேன். பிறகு தலையைத் திருப்பி, "இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க சேர். அந்தக் காது கேக்குதில்ல" என்றார்.

தலைவர் நொண்டிக்கொண்டு மறுபக்கம் போய், இரண்டாம் தரம் சொன்னார். முதல் தரத்தை விட இரண்டாம் தரம் குரல் சின்னதாக இருந்தது.

யூலை 3, புதன்

சாமித்தம்பி அண்ணன் வேலைக்கு வந்தார். நான் வர முன்னமே வாசலில். தலைவர் அனுப்பிய திறப்பை நீட்டினேன்.

"வேணாம் மிஸ். நீங்க திறந்து விடுங்க, நான் உள்ள வாறன்."

"அண்ணே, உங்கட திறப்பு."

"எனக்கு இனித் திறப்பு வேணாம் மிஸ்."

உள்ளே போனதும் சொல்லிவிட்டேன். நல்ல காதுப் பக்கம் நின்று, ஒன்றும் விடாமல். தலைவரிடம் போய்ச் சொன்னது நான். உங்களைத்தான் நினைத்தேன். போத்தலைக் கண்டதும் நிச்சயம் என்று நினைத்தேன்.

அவர் கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில், "தெரியும் மிஸ். அண்டைக்கு நீங்க கேட்ட மாதிரியிலயே விளங்கிட்டுது" என்றார். பிறகு சேவலைப் பார்க்கப் போய்விட்டார்.

பதினொரு தட்டு வைத்தேன். ஒன்றிலும் மனம் இல்லை. தலைவருக்குப் பக்கத்து அறை ரீச்சரின் தம்பி கொழும்பிலிருந்து குளிசை கொண்டு வருவாராம். கேட்டுக் கொடுத்தது நான்தான். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை.

சேலைன் இரண்டு போத்தல் காய்ச்சி ஆறவைத்தேன். சாமித்தம்பி அண்ணன் தொடவில்லை. நானும் கொடுக்கத் துணியவில்லை. தொட்டியில் ஊற்றவும் இல்லை.

யூலை 4, வியாழன்

காற்று கொஞ்சம் அடங்கியது. நேற்றைய தட்டுகளில் வளர்ச்சி நல்லது. கொல்சிசின் விட்டவை நின்றன. பதினொன்றும் எதிர்பார்த்தபடி. குறிப்பில் எழுதிவிட்டேன்.

நாலு மணி. போக வெளிக்கிட்ட சாமித்தம்பி அண்ணன் என் மேசைக்கு வந்தார். தோளில் இருந்த பையைக் கழற்றி, வாயை விரித்து, என் முன்னால் பிடித்தார்.

"பாருங்க மிஸ்."

"என்னண்ணே இது? வேணாம்."

"பாருங்க."

"நான் பாக்கமாட்டன்."

போகவில்லை. தோணிக்கு நேரமாகிறது, அவருக்கும் தெரியும். கை கொஞ்சமும் தாழாமல் பையைப் பிடித்துக்கொண்டே நின்றார். கோபமாய் இல்லை. துறைச் சென்றியில் நிற்கிற மாதிரி.

பார்த்தேன். சாப்பாட்டுப் பெட்டி. குடை. வெற்றிலைச் சரை. மடித்த ஒரு துவாய்.

"ஓம் அண்ணே" என்றேன்.

பையை மூடிக்கொண்டு போனார்.